முன்னோர் தேடல்

(வாழவந்தியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கடல் கடந்த இரண்டு நாட்டாரைப் பற்றியது. ‘மிளகு காயும் களத்தில் அமர்ந்துகொண்டு ஸ்காட்லாந்துக் கதை கேட்பானேன்?’ என்று சிலர் நகைக்கலாம். சிறிது பொறுத்தருள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு முதியவர் ஒருவர் ஏற்காட்டிற்கு வந்திருந்தார். கனடாவில் பிறந்தவர், தந்தைவழி ஸ்காட்லாந்து, தாய்வழி அயர்லாந்து. வரலாற்றுப் புலவரல்லர், கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தம் பாட்டனாரின் பாட்டனார் இம்மலையில் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று வீட்டில் வழங்கிய ஒரே ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் தேய்ந்த எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். யாமும் துணையாகச் சென்றோம். இளைப்பாற அமர்ந்தபோது தம் தந்தைவழியில் ஏழு தலைமுறையை, ஆண்பெயர் பெண்பெயர் இரண்டும் விடாமல், ஆண்டுகளோடு சொன்னார். பின்பு எம்மை நோக்கி, ‘உம்முடைய பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் யாது?’ என்று வினவினார். சங்கப் புலவர் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வல்ல யாம் அவ்வினாவிற்கு விடையின்றி வாளா இருந்தோம்.

அவருக்கு அவ்வறிவு எங்ஙனம் வாய்த்தது? ஸ்காட்லாந்தில் 1855ஆம் ஆண்டு முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசினர் பதிந்து வருகின்றனர். அதற்கு முற்பட்ட காலத்திற்குக் கோவிற்பற்றுகளின் பழைய பதிவேடுகள் உள, அவற்றுள் மிகப் பழையது எரல் என்னும் ஊரினது, 1553இல் தொடங்குவது. அரசுப் பதிவின் முதலாண்டாகிய 1855இல் ஒரு குழவியின் பிறப்பைப் பதியும்போது பெற்றோர் வயது, அவர் பிறந்த ஊர், மணஞ்செய்த நாள், முன் பிறந்த மக்கள் ஆகிய அனைத்தும் எழுதச் செய்தனர். பளு மிகுதியென்று அடுத்த ஆண்டே அவ்விரிவைக் குறைத்துவிட்டனர். (எழுத்தர் சலிப்பு எந்நாட்டிற்கும் பொது போலும்.) ஆயினும் ஒன்றை விட்டாரிலர். மணமான பெண் இறந்தால் அவள் பிறந்த குடியின் பெயரும், அவள் தாய் பிறந்த குடியின் பெயரும் ஏட்டில் ஏறும். ஆதலின் தாய்வழி அறுந்து போவதில்லை.

அயர்லாந்தின் நிலை வேறு. 1922 ஜூன் 30ஆம் நாள் உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில் டப்ளின் நகரத்து நீதிமன்ற வளாகத்திலிருந்த ஆவணக் களரி வெடித்துத் தீக்கிரையாயிற்று. 1821 முதல் 1851 வரை எடுத்த குடிக்கணக்கு ஏடுகளிற் பெரும்பகுதி அன்று சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையுள்ளவை அதற்கு முன்பே அரசினர் ஆணையாலேயே அழிக்கப்பட்டன. முழுமையாக எஞ்சியவற்றுள் முற்பட்டவை 1901, 1911 ஆகிய இரண்டு ஆண்டுக் கணக்குகளே. அம்முதியவர் தாய்வழியில் மூன்றாந் தலைமுறையோடு திகைத்து நின்றதற்குக் காரணம் இதுவே. ஆயினும் அந்நாட்டார் கைகட்டி இருந்தாரல்லர். 1847 முதல் 1864 வரை வரிக்காக எழுதிய நிலமதிப்பு ஏடுகளில் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் அனுபவித்தவர் பெயர் உளது. அதனைக் குடிக்கணக்கிற்குப் பதிலாகக் கொண்டனர். அழிந்த ஏடுகளின் படிகள் பிற களரிகளில் எங்கெங்கு உள என்று தேடித் திரட்டி, 2022இல் கணினி வழியே யாவரும் காணுமாறு வைத்தனர். பெரும்பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மாண்டு, அதனினும் மிகுதியானோர் கப்பலேறிய நாடு அது. பிரிந்த மக்கள் பெயரையேனும் பிடித்து வைக்க முயல்வதில் வியப்பென்ன?

அவர்கள் பெயரிடும் வழக்கமும் நமக்கு அயலன்று. மூத்த மகனுக்குத் தந்தையைப் பெற்றவர் பெயரையும், அடுத்தவனுக்குத் தாயைப் பெற்றவர் பெயரையும் இடுவது இரு நாட்டிலும் பழைய முறை. பாட்டன் பெயர் உடையவனாதலின் நாம் பெயரன் என்கிறோம். ஐரிசுக் குடிப்பெயர்களின் முன்வரும் ‘ஓ’ என்பதும் பெயரன் என்றே பொருள்படும்; ‘மக்’ என்பது மகன். உடனே, மக் என்பதும் மகன் என்பதும் ஒலியால் ஒத்தலின் அம்மொழி தமிழின் கிளை என்று கட்டுரை வரையப் புகுவார் நம்மிடையே உளர். அன்பர்களே, அது வேண்டா. ஒலி ஒத்தால் உறவு என்பதும், பெயர் ஒத்தால் பங்காளி என்பதும் ஒரே பிழை. குடித்தலைவனின் நிலத்தில் வாழ்ந்தோர் பலர் அவன் குடிப்பெயரையே சூடிக்கொண்டனர் என்று ஸ்காட்லாந்துக்காரரே உரைக்கின்றனர்.

ஆண்டுக் கணக்கின் வலிமையை நம் மலையிலேயே காணலாம். தாமஸ் மன்றோ 1842இல் ஆளுநராயிருந்து ஏற்காட்டை அளந்தார் என்று சில குறிப்புகளில் காண்கிறோம். மன்றோவோ 1827இலேயே பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார்! இறந்தவர் பதினைந்தாண்டு கழித்து வந்து அளக்கவியலாது என்பதை ஒருவரும் எண்ணாது படியெடுத்து வருகின்றனர். காப்பியை இங்கே கொணர்ந்த கோபர்ன் துரை 1820 முதல் 1829 வரை சேலத்து ஆட்சியர். மன்றோவைப் போல் அவரும் ஸ்காட்லாந்துக்காரர். எழுத்தைக் கூட்டிக் ‘காக்பர்ன்’ என்பார் உளர். அவர் நாட்டார் உச்சரிப்பது கோபர்ன் என்றே. ஒரு பெயரைத் தேடுவோர் அதன் பல வடிவங்களையும் தேடுதல் வேண்டும்.

நிற்க. நம் வரலாற்றிற்கு வருவோம்.

காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர் புறப்பட்டனர் என்பதும், பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கும், நடுவண்ணன் பச்சைமலைக்கும், சின்னண்ணன் கொல்லிமலைக்கும் சென்றனர் என்பதும் நம் இல்லந்தோறும் வழங்கும் செய்தி. 1909இல் வெளிவந்த தர்ஸ்டன் துரையின் நூலிலும் அஃது உண்டு. அதில் மற்றொன்றும் உண்டு: அம்மூவரும் மலையேறிய பின் தத்தம் குலமல்லாத வெவ்வேறு குலத்துப் பெண்களை மணந்தனர் என்பது. சங்க வெளியீட்டில் முன்பகுதியை அச்சிட்டுப் பின்பகுதியை நீக்கிவிடலாம் என்று எம்மிடம் சொன்ன நண்பர்கள் உண்டு. அவர்கள் கருத்து நல்லெண்ணத்தாலாயது என்பதை அறிவோம். ஆயினும் யாம் உடன்படோம்.

அம்முதியவரின் ஏழு தலைமுறையில் ஒருவர் மணத்திற்கு முன்பே பிறந்தவர். அக்காலத்துத் திருச்சபை மூப்பர்கள் இத்தகைய குற்றங்களை விசாரித்து ஏட்டில் எழுதினர். அவ்வேடு இன்றும் உளது. அவர் அதனை எமக்குப் படித்துக் காட்டினார், குரல் தாழவில்லை. ‘இவள் இல்லையேல் நான் இல்லை’ என்று அப்பெண்ணின் பெயரைச் சுட்டினார். நம் மூன்று அண்ணன்மாரின் மனைவியர்க்கோ பெயரே இல்லை. கதையில் இருக்கும் பாதி இடத்தையும் நாம் அழித்துவிட்டால், மலையில் முதலில் உலை வைத்த அத்தாய்மாருக்கு எஞ்சுவது யாது?

மூன்றண்ணன் செய்தி நிகழ்ந்ததா, எக்காலத்தது என்று ஆராய்தல் வேறு. சொல்லப்பட்டவாறே எழுதி வைத்தல் வேறு. அயர்லாந்தில் 1650ஆம் ஆண்டை ஒட்டி மக்பிர்பிஸ் என்னும் புலவர் தம் நாட்டுக் குடிகளின் வழிமுறைகளைப் பெருநூலாகத் தொகுத்தார். அத்தகைய பழைய வழிமுறைகளின் உச்சி ஆதிமனிதன் வரை செல்லும். அதனை இன்று எவரும் வரலாறாகக் கொள்வதில்லை. ஆனால் கீழ்ப்பகுதியோ அறிஞர்க்கு இன்றும் பயன்படுகிறது. அவர் எழுதாதிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

நமக்கு ஏடில்லை என்பார்க்கு ஒன்று சொல்வோம். பரணில் கிடக்கும் மொய் நோட்டு ஏடன்றோ? இன்ன ஊர் இன்னார் மகன், மாமன் முறை, இத்தனை ரூபாய் என்று ஒரு காதுகுத்திற்கு எழுதிய நோட்டில் மூன்று தலைமுறை உறவும் அடங்கியிருக்கும். கோயில் தலைக்கட்டு வரிக்கணக்கு, பட்டா, பள்ளிச் சேர்க்கை ஏடு, பழைய மண ஓலை, தோட்டத்துக் கூலிப்பற்று ஆகிய ஒவ்வொன்றும் சான்றே. நகரத்தார் தம் திருமணங்களைக் குலக்கோயில்தோறும் பதிந்து வருவதை நாம் அறிவோம். இக்காலத்தில் உமிழ்நீரைச் சோதித்து உறவு சொல்வாரும் தோன்றியுளர்; உறவு உண்டென்று சொல்லுமேயன்றி, பாட்டியின் பெயரைச் சொல்லாது.

எம் வீட்டில் யாமே தொடங்கினோம். தந்தைவழியில் ஆண்பெயர் ஐந்து கிடைத்தன, பெண்பெயர் இரண்டே. அறிந்திருந்த அத்தையார் ஒருவர், யாம் நோட்டும் கையுமாய்ச் செல்வதற்கு நான்கு திங்கள் முன்பு காலமாகிவிட்டார். விடுமுறைக்குச் செல்வோம் என்று இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டதன் பயன் அது.

முதியவர் தேடிய கல்லும் இங்கே கிடைக்கவில்லை. ஆயினும் சென்னை மாகாணத்துக் கோயிற் பதிவேடுகளுக்கு அந்நாளில் படியெடுத்து இலண்டனுக்கு அனுப்பினர்; அவை அங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் உள. அங்கே தேடுவதாகக் கூறிச் சென்றார்.

இம்மேசைமேல் நூறு பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். வீட்டிற்கு ஒரு பக்கம்; சொன்னவர் பெயரும் நாளும் மேலே; கணவர் பெயருக்கு நேரே மனைவி பெயர், அவர் பிறந்த ஊர். முன்வரிசையில் கம்பளி போர்த்து அமர்ந்திருக்கும் பாட்டியார் இவ்வூரில் எல்லோரினும் மூத்தவர். கூட்டம் கலையுமுன் அவர் சொல்ல, முதற் பக்கத்தை எழுத விரும்புகிறோம். பாட்டி, உங்களைப் பெற்ற தாயாரின் பெயரிலிருந்து சொல்லுங்கள்.