இரண்டு பைத்தான்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"உங்க சாதனையைப் பத்திப் பேசுங்க" என்றார் செயலாளர். அதற்கு மேடையில் வேறு பலர் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு. அலுவலகத்தில் நாங்கள் பொதுவாகப் பயன்படுத்திய கம்ப்யூட்டரில் உபுண்டு 18.04 இருந்தது. அதோடு வருவது பைத்தான் 3.6. என் புரோகிராமுக்கு 3.7 வேண்டும். 3.7-ஐயும் போட்டேன். அதில் தப்பில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பதிப்பு எண்ணைச் சேர்த்து அடிக்கச் சோம்பல். 'பைத்தான்3' என்ற பெயர் வெறும் சுட்டிதானே என்று, அதை 3.6-இலிருந்து 3.7-க்குத் திருப்பிவிட்டேன். புரோகிராம் ஓடியது. மெஷினை அணைத்துவிட்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை வாடிக்கையாளருக்கு அதைச் செய்து காட்ட வேண்டும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் முதலில் வந்து மெஷினைப் போட்டிருக்கிறான். டெர்மினலை அழுத்துகிறான், திறக்கவில்லை. "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, என்னப்பா பண்ணின?" என்று மேலாளர் அவனைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒண்ணுமே பண்ணல சார்" என்றான். எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். அந்த உபுண்டுவில் டெர்மினலைத் திறந்துவிட்டதே ஒரு சின்ன பைத்தான் புரோகிராம். மென்பொருள் புதுப்பிக்கும் கருவிகளிலும் பைத்தான் உண்டு. இவற்றுக்கு வேண்டிய சில பகுதிகள் 3.6-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டவை. 3.7 அவற்றை ஏற்றிக்கொள்ளாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் மாஸ்டர் அரிசி அளக்கும் படியை எடுத்துவிட்டு, நம் வீட்டுப் படியை அங்கே வைத்த மாதிரி. நம் சாப்பாடு என்னவோ சரியாகத்தான் வரும், முந்நூறு பேர் சாப்பாடு என்ன ஆவது?

அந்தத் தம்பி பதறவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினான். படமில்லாத கறுப்புத் திரை வந்தது. அதில் நுழைந்து, முதலில் அடித்திருந்த கட்டளைகளைப் பார்த்தான். சுட்டியை 3.6-க்கே திருப்பினான், ஒரே வரி. பிறகு என் புரோகிராமுக்கென்று தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மெண்ட் அமைத்து, 3.7-ஐ அதற்குள் வைத்தான். 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதலே இந்த வசதி உண்டு. எனக்கும் தெரியும், செய்யவில்லை!

என்னைப் போன்றவர்கள் ஏராளம் போலிருக்கிறது. 2023-இல் வந்த டெபியன் 12-இல், கணினியின் சொந்த பைத்தானுக்குள் 'பிப்' கொண்டு எதையாவது போடப் போனால், முடியாது என்று அதுவே நிறுத்தி, தனிச் சூழல் அமைக்கச் சொல்லும்.

டீ குடிக்கும்போது, "அது நான்தாம்பா" என்றேன். "தெரியும் சார், பழைய கட்டளையில நேத்து சாயந்திரம் நீங்க அடிச்சது அப்படியே இருந்துச்சு" என்றான். மேலாளரிடம் அவன் சொல்லவில்லை. நான் போய்ச் சொல்ல ஒரு வாரம் ஆயிற்று.