தளத்திற்கும் தமிழ்ப்பெயர்

(கலைத்தொழில் புரியும் இளைஞர்களிடையே தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)

   

இலக்கணம் கற்பிக்கின்றவனுக்கு இணையத்தில் என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணலாம். பெயரிடுதல் என்று வந்துவிட்டால் அங்கே இலக்கணத்திற்கு வேலையுண்டு. உங்கள் கைத்திறனை உலகுக்குக் காட்ட ஓர் இணையத்தளம் அமைக்கப் போகின்றீர்கள். அதற்கொரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் டொமைன் என்று வழங்குவதை நாம் தளப்பெயர் என்போம். அதை எவ்வாறு தேர்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மாந்தர்க்கு எண்கள் நினைவில் நில்லா. ஆதலின் எண்ணுக்கு மாற்றாகப் பெயரை ஆளும் முறை 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால் மொக்கபெட்ரிசு என்பவரால் வகுக்கப்பட்டது. 'காம்' என்னும் ஈற்றில் முதற்பெயர் 1985-இல் பதிவாயிற்று. இன்று அவ்வோர் ஈற்றில் மட்டும் 15 கோடிக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

முகநூல் போன்ற பொதுத்தளங்களில் பக்கம் இருக்கும்போது தனித்தளம் எதற்கு என்று கேட்பாருண்டு. அப்பக்கம் பிறர் மனையில் இட்ட கடை. மனைக்குரியவர் எழு என்றால் எழவேண்டும். வாங்குநர் பட்டியலும் அங்கேயே கிடந்துவிடும். தளப்பெயர் அத்தகையதன்று. இணையத்தளத்தைத் தாங்கும் கணினியை எத்தனைமுறை மாற்றினும் பெயர் மாறாது. தேடி வருவோர் அப்பெயரின் வழியே வந்து சேர்வர். ஆகலின் ஒரு கலைஞன் இணையத்தில் தனக்கென வைத்துக்கொள்ளத்தக்க முதற்பொருள் அவனுடைய பெயரே.

அப்பெயரை நம் இளைஞர்கள் எவ்வாறு இடுகின்றனர்? கிரியேட்டிவ், டிசைன், ஆர்ட், சுடூடியோ என்னும் நான்கைந்து ஆங்கிலச் சொற்களை மாற்றி மாற்றி அடுக்குகின்றனர். ஆங்கிலமாயின் உலகம் அறியும் என்பது அவர்கள் கருத்து. உண்மை அதற்கு மாறானது. அச்சொற்களை உலகமே அடுக்குகின்றது. நல்ல சேர்க்கைகள் எல்லாம் முன்பே பிறர் கையிற் போய்விட்டன. எஞ்சியிருப்பவை எண்ணும் சிறுகோடும் ஒட்டவைத்த வால்நீண்ட பெயர்கள். அவற்றைக் கேட்டவர் மறுநாள் மறந்துவிடுவர். நம் மொழியிலோ பல்லாயிரம் சொற்கள் எவர் கையும் படாமற் கிடக்கின்றன. தமிழ்ப்பெயர் இடுவது மொழிக்கு நாம் போடும் பிச்சையன்று; பெயரிடுவார்க்கே அது முதற்பேறு.

இனி, எத்தகைய தமிழ்ச்சொல்? நன்னூலார் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார். உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்று மூன்றாவதொன்றையும் காட்டினர். முள்ளுடைய செடிகள் பல. ஆயினும் முள்ளி என்பது அவற்றுள் ஒன்றற்கே பெயராயிற்று. இடுகுறி என்பதே இல்லை, காரணம் மறைந்து போனவற்றையே அவ்வாறு அழைக்கின்றோம் என்பது பாவாணர் கொள்கை. அவ்வாய்வு நிற்க. இப்பாகுபாடு வணிகப் பெயருக்கும் எவ்வளவு பொருந்துகின்றது என்று பாருங்கள்.

இந்திய வணிகக்குறிச் சட்டம் 1999-இல் இயற்றப்பட்டது. பொருளின் வகையையோ தன்மையையோ பிறந்த இடத்தையோ மட்டும் கூறும் சொல், தனக்கெனத் தனியடையாளம் பெற்றாலன்றி, ஒருவர்க்கே உரிய குறியாகப் பதிவு பெறாது என்பது அதன் 9-ஆம் பிரிவின் கருத்து. அஃதாவது வெறுங் காரணப்பெயர் பொதுவுடைமை. ‘கைத்தறிப் புடைவை’ என்று பெயர் வைத்தால் நாளை அடுத்த தெருக்காரரும் அவ்வாறே வைப்பார், தடுக்க வழியிராது. ‘தஞ்சாவூர் ஓவியம்’, ‘பத்தமடைப் பாய்’ என்பவை போன்ற ஊரும் தொழிலும் இணைந்த பெயர்களோ, புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் அவ்வத் தொழில் மரபினர்க்கெல்லாம் பொதுவாகக் காக்கப்பட்டவை. அவற்றைத் தனியொருவர் தம் பெயராக வளைத்துக்கொள்ளுதல் முறையுமன்று.

ஆகவே நீங்கள் தேடவேண்டியது காரண இடுகுறி. தொழிலை நேரே கூறாமல் நினைப்பூட்ட வேண்டும். ஆனால் உங்கள் ஒருவரையே சுட்ட வேண்டும். ஒளிப்படக் கலைஞர் ஒருவர் ‘இமை’ என்று பெயரிடுகின்றார் என்று கொள்ளுங்கள். இமைப்பொழுதிற் படம் எடுப்பது அவர் தொழில். எனினும் ஒளிப்படம் எடுப்போரெல்லாம் இமை ஆகார். அணிவிளக்குச் செய்பவர் ‘மின்மினி’ எனலாம். இவை முன்பே பதிவாகியிருக்கவும் கூடும். வழியை விளக்கவே கூறினேன்.

அடுத்தது ஒலி. ஈண்டு நாம் ஓர் உண்மையை மறைக்காமல் ஏற்கவேண்டும். தளப்பெயரைப் பலர் இன்னும் ஆங்கில எழுத்திலேயே தட்டுகின்றனர். தமிழ்ச்சொல் அவ்வெழுத்திற் புகும்போது எங்கே ஒடியும் என்பதைக் காட்ட நம் எழுத்திலக்கணமே போதும்.

முதலாவது, லகர ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் மறைந்துவிடும். மட்பாண்டம் வனைவோர் ‘கலம்’ என்று அழகாகப் பெயர் வைப்பர். ஆங்கில எழுத்தில் அதுவே ‘களம்’ என்றும் படிக்கப்படும். நெடிலுக்கு எழுத்தை இரட்டிக்காதார் ‘காலம்’ என்பதையும் அவ்வாறே எழுதுவர். மூன்று சொல்லுக்கும் ஒரே கூடு. இரண்டாவது, வல்லினம். நம் ககரத்திற்கும் டகரத்திற்கும் தகரத்திற்கும் இடத்திற்கேற்ப வல்லொலியும் மெல்லொலியும் உண்டு. ஆங்கிலத்தில் அவற்றுக்குத் தனித்தனி எழுத்துகள். மூன்றாவது, புணர்ச்சியில் மிகும் ஒற்று. ‘கலைக்கூடம்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றை இட்டும் விட்டும் எழுத 2 வகை. கூ என்பதை எழுத 3 வகை. டகரத்தை எழுத 2 வகை. பெருக்கினால் 12. உங்களைத் தேடுபவர் இந்தப் பன்னிரண்டில் எதைத் தட்டுவார்? ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் பிறர் வீட்டு வாயிலிலோ வெற்றிடத்திலோ கொண்டுபோய் விட்டுவிடும்.

இதற்காகத் தமிழை விட்டு ஓடவேண்டா. சொல்லைத் தெரிந்தெடுத்தால் போதும். மெல்லினமும் இடையினமும் மிக்க, குறில் நிறைந்த, ஒற்று மிகாத சிறுசொற்களைக் கொள்க. மலர், வயல், மயில், இமை, மின்மினி ஆகியவற்றைப் பெரும்பாலோர் ஒரே வகையில்தான் எழுதுவர். தேர்ந்த பெயரைத் தொலைபேசியில் ஒருவர்க்கு ஒருமுறை மட்டும் கூறி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஐவரிடம் இவ்வாறு ஆய்ந்தால் பெயரின் வலிவு தெரிந்துவிடும். பிழைபட எழுத வாய்ப்புள்ள வடிவம் ஒன்றிரண்டு இருப்பின் அவற்றையும் சேர்த்துப் பதிந்துகொள்ளலாம்.

இனித் தமிழ் எழுத்திலேயே தளப்பெயர் வைப்பதைப் பற்றிப் பேசுவோம். இயலாதென்று இன்னும் பலர் நம்புகின்றனர். பிறமொழி எழுத்துகளிலும் தளப்பெயர் அமைக்கும் ஆய்வு 1998 அளவில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. ‘இணையம்’ என்னும் அருமைச் சொல்லைப் படைத்தவராகப் போற்றப்படும் நா. கோவிந்தசாமி வாழ்ந்ததும் அந்நாட்டிலேயே. 2003-இல் அதற்குரிய உலகப் பொதுநெறிகள் வெளியாயின. இன்று ‘இந்தியா’, ‘இலங்கை’, ‘சிங்கப்பூர்’ என்னும் மூன்று ஈறுகள் தமிழ் எழுத்திலேயே இணையத்தின் வேர்ப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. பெயரும் தமிழ், ஈறும் தமிழ், எழுத்தும் தமிழ்! ழகரம் ழகரமாகவே நிற்கும், களம் கலமாகாது. மேலே நான் கூறிய இடர்கள் யாவும் இங்கே இல்லை.

அது நடைபெறும் முறையையும் அறிந்துகொள்ளுங்கள். நீங்கள் தட்டும் தமிழ்ப்பெயர் உள்ளே ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றப்படுகின்றது. எக்சு, என் என்னும் இரண்டெழுத்தும் இரண்டு சிறுகோடும் அக்கோவைக்கு முன்னொட்டாக நிற்கும். மாற்றிய கோவை 63 குறிகளுக்கு மேற்படக் கூடாது. கணினிக்கு ‘மி’ என்பது ஓரெழுத்தன்று. மகரம் ஒன்றும் இகரக்குறி ஒன்றுமாக இரண்டு. மின்மினி என்னும் நான்கெழுத்துச் சொல் கணினிக்கு எட்டு. ஆதலின் தமிழ்த் தளப்பெயரும் சிறிதாதல் நன்று.

எழுத்தில் இன்னொரு விழிப்பும் வேண்டும். கடைப்பெயர்களின் தலையில் ‘திரு’ என்பதற்கு மாற்றாகக் கிரந்தக் கூட்டெழுத்தை இட்டு வணங்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அக்கூட்டெழுத்துக் கணினியில் இருவேறு குறியன்களால் அமையக்கூடியது. 2005-இல் ஒருங்குறியில் மற்றொரு கிரந்த எழுத்தைச் சேர்த்தபின் நேர்ந்த நிலை இது. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும். கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒன்று உங்களுடையதாயின் மற்றொன்று ஏமாற்றுவோன் கையில் அகப்படலாம். கலப்பெழுத்து வேண்டா என்று நாம் நெடுங்காலம் கூறிவருவதற்கு மொழிக்காப்பே ஏது. இப்போது பணக்காப்பும் சேர்ந்துகொண்டது! ஔகார எழுத்தையும் தவிர்த்துக்கொள்ளுங்கள். ஒகரமும் ளகரமும் சேர்ந்தாற்போல் அது தோன்றுமாதலின் அங்கும் மயக்கம் உண்டு.

தமிழெழுத்து முகவரியை மின்னஞ்சலுக்கு ஏற்கும் அமைப்புகள் எல்லாவிடத்தும் இல்லை. எனவே இரண்டையும் வைத்துக்கொள்க. தமிழ்ப்பெயர் தலைவாயில், அதே தமிழ்ச்சொல்லின் ஆங்கில எழுத்து வடிவம் பக்கவாயில். எவ்வாயிலில் நுழையினும் ஒரே வீட்டுக்கு வரட்டும். பெயர்ப்பலகையிலும் விலைச்சீட்டிலும் தலைவாயிலையே பெரிதாக எழுதுங்கள். நாம் ஆளாதவரை, தமிழெழுத்தில் கிடைத்த இடம் குடிபுகாத வீடாகவே கிடக்கும். குடிபுகாத வீட்டை எவரும் பழுதுபார்க்க மாட்டார்.

பெயரைத் தேர்ந்தபின் உரிமையைக் காத்தல் வேண்டும். தளப்பெயர் விலைக்கு வாங்கும் பொருளன்று, குத்தகை. ‘காம்’ போன்ற ஈறுகளில் ஒருவேளைக்கு 10 ஆண்டு வரையே பதியலாம். முதலாண்டுக் கட்டணம் குறைவாகவும் அடுத்த ஆண்டுக் கட்டணம் மிகுதியாகவும் இருத்தல் உண்டு. இரண்டையும் கேட்டறிந்தே பதிக. தளம் அமைத்துத் தருபவரோ பொருளை வாங்கி விற்கும் இடைத்தரகரோ தம் பெயரில் அதைப் பதிந்துகொள்ள இடங்கொடாதீர்கள். உழைப்பு நெசவாளியினுடையது, பெயர் தரகனுடையது என்னும் பழைய கதை புதிய உருவில் வரவேண்டா. பதிவுடையவர் என்னுமிடத்தில் உங்கள் பெயரே நிற்கட்டும். கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். பதிவில் தரும் மின்னஞ்சல் முகவரி அத்தளப்பெயரிலேயே அமைந்ததாக இருத்தல் கூடாது. பெயர் காலாவதியாயின் அம்முகவரியும் உடன் மடியும். எச்சரிக்கை மடலைக் காண வழியிராது.

தளப்பெயருக்குச் சட்டத்தில் மதிப்புண்டா எனின், உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்தியம் இன்ஃபோவே என்னும் நிறுவனம் தன் பெயரின் கூறுகளைச் சேர்த்துச் ‘சிஃபி’ என்றொரு சொல்லைப் படைத்து வழங்கியது. பிறிதொரு நிறுவனம் ஆங்கிலத்தில் ஓரெழுத்தை இரட்டித்து அதனையொத்த பெயரில் தளம் நடத்தியது. வழக்கு இந்திய உச்சநீதிமன்றம் வரை சென்றது. வணிகக்குறிக்குரிய இயல்புகள் தளப்பெயருக்கும் உண்டு என்றும், ஒருவர் பெயரில் மற்றவர் புழங்கி மயக்குதலைத் தடுக்கலாம் என்றும் 2004-இல் அம்மன்றம் தீர்ப்பளித்தது. ஓரெழுத்து வேறுபாட்டிற்கு உச்சநீதிமன்றம் வரை போயினர் என்பதை எண்ணிப் பார்க்க! சிறுதொழிலர்க்கு வழக்காடப் பொருளேது? ஆதலின் தொடங்கும்போதே பெயரைத் தனித்தன்மையுடையதாகத் தேர்தலும், வணிகக்குறிப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுதலும் அறிவுடைமை.

ஈற்றைப் பற்றியும் ஒரு சொல். புதுமைக்காகத் தொலைநாட்டு ஈறுகளை ஒட்டிக்கொள்கின்றனர் சிலர். யூகோசுலாவியா என்னும் நாடு மறைந்தது. அதன் ஈறும் 2010-இல் நீக்கப்பட்டது. அவ்வீற்றில் இருந்த பெயர்கள் யாவும் உடன் மறைந்தன. நாட்டின் ஈறு நாட்டோடு போகும்.

மொழியின் ஈறோ மொழியோடு வாழும். கத்தலான் மக்களுக்குத் தனியரசு இல்லை. ஆயினும் தம் மொழிக்கும் பண்பாட்டுக்குமென ஓர் ஈறு வேண்டி நின்று 2005-இல் இசைவு பெற்றனர். பின்னர் வேல்சு, பாசுக்கு, பிரெத்தோன் மக்களும் தத்தமக்கு ஈறு பெற்றனர். நமக்குக் கிடைத்த மூன்றும் நாட்டுப்பெயர்கள். யாழ்ப்பாணத்து ஓவியனும் மதுரைச் சிற்பியும் கோலாலம்பூர்ப் பொற்கொல்லனும் ஒரே கூரையின்கீழ்க் கூடுதற்குத் ‘தமிழ்’ என்னும் ஓர் ஈறு வேண்டும். அதைக் கேட்கும் தகுதி எதனால் வரும்? இன்றுள்ள தமிழ்த் தளப்பெயர்களை ஆயிரக்கணக்கில் ஆண்டு காட்டுவதால் வரும். கேட்பவன் கையில் கணக்கு இருத்தல் வேண்டும்.

தோழர்களே! கூட்டங்களில் தமிழ் வாழ்க என்று முழங்குவது எளிது. கடையின் பெயரில், சீட்டின் தலைப்பில், தளத்தின் முகவரியில் தமிழை வைப்பதற்கே துணிவு வேண்டும். உங்கள் கை செய்யும் பொருள் அழகியது. அதன்மேல் நிற்கும் பெயரும் உங்கள் தாய் பேசும் மொழியில் இருக்கட்டும். இன்றிரவே தாளும் எழுதுகோலும் எடுத்துப் பத்துத் தமிழ்ச்சொற்களை எழுதுங்கள். நான் கூறிய முறையால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். எஞ்சும் ஒன்று உங்கள் பெயர். நாளை காலை அதைப் பதிந்துவிடுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் தொழில்!