கூலியைப் பேசிய பின் வேலையைத் தொடங்குங்கள்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே! பகலில் ஒரு நிறுவனத்தில் ஊழியம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் மின் வேலை. இவ்வாறு உழைத்துக் குடும்பம் நடத்தும் சகோதரர்கள் பலர். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், "நீங்களே பார்த்துக் கொடுங்கள்" என்பதே அவர்கள் பதில். பணிவாகத் தோன்றும் இச்சொல்லே மனக்கசப்புக்கு விதையாகிறது. கொடுத்தவர் அதிகம் என்று எண்ணுகிறார். வாங்கியவர் குறைவு என்று எண்ணுகிறார்.

கூலிக்கு உழைப்பதை மார்க்கச் சட்டம் 'இஜாரா' என்கிறது. வேலை இன்னது, கூலி இவ்வளவு என இரண்டும் தெரிந்திருப்பது அதன் நிபந்தனை. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்கு அமர்ந்தபோது, எட்டு ஆண்டுகள் என்று முன்கூட்டியே பேசப்பட்டதையும், பத்தாக்குவது அவர்கள் விருப்பத்திற்கு விடப்பட்டதையும் அல்கஸஸ் அத்தியாயம் கூறுகிறது. கூலி உண்டு என்று ஒப்புக்கொண்டு அளவை மட்டும் சொல்லாமல் வேலை முடிந்துவிட்டால், அத்தகைய வேலைக்கு அவ்வூரில் வழக்கமான கூலியைக் கொடுக்க வேண்டும் என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். இதற்கு 'உஜ்ரத்துல் மிஸ்ல்' என்று பெயர்.

சகோதரரே! நியாயமான கூலியைக் கணக்கிடுவது எப்படி? இரண்டு மின்விசிறிகளையும் சில சுவிட்சுகளையும் மாற்ற இரண்டு மணி நேரம் ஆகிறது என வைத்துக்கொள்வோம். கடைக்குப் போக ஒரு மணி, போய்வர ஒரு மணி. ஆக நான்கு மணி நேரம். மணிக்கு 200 ரூபாய் உங்கள் மதிப்பு என்றால் 800 ரூபாய். கருவித் தேய்மானம், பெட்ரோல், குறை வந்தால் மறுபடி வருவது ஆகியவற்றுக்கு 150 சேர்த்தால் 950. வீட்டாரின் கண்ணில் படுவது இரண்டு மணி நேரமே. ஆகவே, கணக்கை விளக்கி முன்னரே சொல்லுங்கள். வீட்டின் பெருமையையோ, கேட்பவரின் அறியாமையையோ பார்த்துத் தொகையை ஏற்றாதீர்கள்.

சுவருக்குள் எங்கோ ஷார்ட் சர்க்யூட் என்றால் வேலையின் அளவு முதலில் தெரியாது. அப்போது பரிசோதனைக்கு மட்டும் ஒரு தொகை பேசுங்கள். பழுதைக் கண்டறிந்த பின் சரிசெய்யும் கூலியைத் தனியாகப் பேசுங்கள்.

வீட்டாருக்காகப் பொருள் வாங்கும்போது நீங்கள் அவருடைய பிரதிநிதி. கடைக்காரர் தரும் கமிஷன் அவருக்குச் சேர வேண்டியது. அவர் அறிந்து அனுமதித்தாலே அது உங்களுக்கு ஆகும். பொருளும் கூலியும் சேர்த்து ஒரே தொகைக்கு ஒப்புக்கொண்டால் மிச்சம் உங்கள் இலாபம். ஆனால் எந்த நிறுவனக் கம்பி, எத்தனை சதுர மில்லிமீட்டர் என்பதைச் சொல்லி, சொன்னதையே போடுங்கள்.

குறைத்துப் பேசிவிட்டு, அதை ஈடுகட்ட மெல்லிய கம்பியை இழுப்பதும் எர்த் கம்பியை விட்டுவிடுவதும் உயிரோடு விளையாடுவதாகும். மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்து, ஏமாற்றுபவரைக் கண்டித்தார்கள். சுவருக்குள் மறையும் கம்பியும் அக்குவியலின் அடிப்பகுதி போன்றதே!

விளக்கு, மின்விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சிறு வேலைகள் தவிர, புதிய வயரிங்கை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே செய்ய வேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. அவ்வுரிமத்தைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் அளிக்கிறது. உரிமம் இல்லாதவர் அத்தகைய வேலையை ஏற்பது சட்டத்திற்கும் அமானிதத்திற்கும் மாறானது. அவ்வாறே, பகல் வேலையின் நேரத்தையும் அந்நிறுவனத்தின் பொருளையும் மாலை வேலைக்கு எடுப்பதும் மோசடியே.

வேலை வாங்கும் குடும்பத்தாரே! "நம் பாய்தானே" என்று கூலியைக் குறைக்காதீர்கள். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இழுக்காதீர்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உழைத்தவரின் கூலியை மறுப்பவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கையையும் மறவாதீர்கள். விருப்பமிருந்தால் பேசியதைக் கொடுத்த பின் அன்பளிப்பாகக் கூடுதலாகக் கொடுங்கள்.

நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, ஹலாலான உணவில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.