நவம்பரில் ஒரு நாவல்

(சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு நாவலைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1999-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவரும் நண்பர்களுமாக 21 பேர், ஒரே மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று இறங்கினார்கள். மறு வருஷமே அது நவம்பருக்கு மாறியது. இலக்கு, 30 நாளில் 50,000 வார்த்தை. பிற்பாடு அதை நடத்திய அமைப்பு 2025-ல் மூடுவதாக அறிவித்துவிட்டது. நவம்பர் நம்மிடம்தான் இருக்கிறது.

நாளொன்றுக்கு 1,667 வார்த்தை வருகிறது. ஆங்கிலத்தில் மூன்று வார்த்தையில் சொல்வதை நாம் 'வீட்டிலிருந்து' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். ஆகவே தமிழில் புதிதாக எழுதுபவருக்கு நாளுக்கு 500 போதும். மாதக் கடைசியில் 15,000 கையில் இருக்கும்.

போன வருஷம் அம்மாவை உட்காரவைத்து, கேட்டுக் கேட்டு அவர் கதையை எழுதினேன். அக்டோபர் முழுக்க எந்த மென்பொருள் நல்லது என்று பார்ப்பதிலேயே போனது. நவம்பரில் ஒன்பது நாள் எழுதினேன். பத்தாம் நாள் லேப்டாப் உயிர் விட்டது. வேறு பிரதி இல்லை. கேஷ் டேலி ஆகாமல் கவுண்டரை விட்டு எழாதவன், அம்மா கதைக்கு அந்த ஜாக்கிரதையைக் காட்டவில்லை. தை மாதம் அம்மா போய்விட்டார். அவர் சொன்ன பாதிப் பெயர்கள் இன்று எனக்கு ஞாபகமில்லை.

அதனால் மென்பொருளுக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்று கேள்வி போதும். யூனிகோடு தமிழ் சிதறாமல் வருகிறதா? வார்த்தை எண்ணிக்கை காட்டுகிறதா? இன்னோர் இடத்திலும் பிரதி வைக்க முடிகிறதா?

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசம். கூகுள் டாக்ஸ் இணையத்தில் தானாகவே சேமிக்கும். குரோமில் திறந்து தமிழில் பேசினால் தட்டச்சும் செய்து தரும். விரல் வலி உள்ளவர்களுக்கு உபகாரம். ஸ்கிரிவனரில் காட்சிகளைத் தனித்தனி அட்டையாக வைத்து இடம் மாற்றலாம்; ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். முதல் முயற்சிக்கு அது தேவையில்லை.

மிச்ச அக்டோபரில், பாத்திரங்களின் பெயர், வயது, ஊர் ஒரு பக்கம். முக்கியச் சம்பவங்கள் பத்து வரி. எழுதும் நேரத்தையும் முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள்.

வருகிற நவம்பரில் மறுபடி உட்காரப் போகிறேன். தினமும் ராத்திரி, எழுதியதை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத்தான் படுப்பேன்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நீங்கள் நவம்பர்வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர்களையாவது குறித்துக்கொள்ளுங்கள்.