பெயரில் உள்ள சர்க்கரை



என் அயலில் வாழும் முதியவர் ஒருவர் நீரிழிவு நோயினர். தேநீரில் இடும்படி மருத்துவர் கொடுத்த சிறு குளிகைகளை அவர் பல நாளாகத் தொடாமலே வைத்திருந்தார். காரணம் வினவினேன். "பெயரிலேயே சர்க்கரை இருக்கிறதே, தம்பி!" என்றார்.

அக்குளிகையின் பெயர் சக்கரின். முதியவரின் செவி பிழை செய்யவில்லை. பெயரிற் சர்க்கரை உண்டு, பொருளில் இல்லை.

"சர்க்கரா" என்னும் வடசொல்லுக்குப் பரல், சிறுகல் என்பது பொருள். கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பெற்ற மணிகள் பரல் போன்றிருந்தமையால் அவற்றுக்கும் அப்பெயர் ஆயிற்று. தமிழிற் சர்க்கரை, பாளியிற் சக்கரா என அது வழங்கலாயிற்று. சிங்கள மக்கள் கருப்பட்டியைக் குறிக்கும் "ஹக்குறு" என்ற சொல்லும் இக்குடியிற் பிறந்ததே.

மேற்கே சென்ற அச்சொல் கிரேக்கத்திற் "சக்கரோன்" ஆயிற்று. கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் தியொஸ்கோரிடீஸ், இந்தியாவில் நாணல்களில் உண்டாகும் தேன் அது என்றும், உப்பைப்போற் பற்களிடையே நொறுங்கும் என்றும் எழுதினார். இலத்தீன் மொழியில் அது "சக்காரும்" ஆயிற்று.

1879 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் ஐரா றெம்சனின் ஆய்வுகூடத்திலே, ஃபால்பேர்க் என்னும் இரசாயன அறிஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் பொருள்களை ஆராய்ந்து வந்தார். ஒருநாள் இரவுணவின்போது அவர் கையில் எடுத்த பாண் மிக இனித்தது. இனிப்புப் பாணில் அன்று, கழுவாத கையில் இருந்தது! ஆய்வுகூடத்துக்கு விரைந்து, அங்கிருந்த கலங்களைச் சுவைத்துப் பார்த்து, அப்பொருளைக் கண்டுகொண்டார். இலத்தீன் சொல்லோடு, இரசாயனப் பெயர்களில் வழங்கும் "இன்" என்னும் ஈறு சேரச் சக்கரின் என்ற பெயர் பிறந்தது.

இது சீனியிலும் ஏறத்தாழ 300 மடங்கு இனிப்புடையது. எனினும் சீனி இதில் அணுவளவும் இல்லை. உடல் இதனை உணவாக்கிக் கொள்வதில்லை. பெரும்பாலும் மாற்றமின்றிச் சிறுநீருடன் வெளியேற்றிவிடுகிறது. ஆகவே இது இரத்தத்திற் சீனியைக் கூட்டுவதில்லை. உடலுக்கு ஊட்டமும் தருவதில்லை. பெயர் இங்கே சுவையை மட்டும் சொல்கிறது, பிறப்பைச் சொல்லவில்லை. பெயரைக் கேட்டே ஒரு பொருளை விலக்குவதும் ஏற்பதும் அறிவுடைமை ஆகா.

இவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்டிருந்தார் முதியவர். "கல்லின் பெயர் கரும்புக்குப் போய், கரும்பின் பெயர் கரிக்கு வந்ததாக்கும்!" என்று சிரித்தார். பின்னர் ஒரு குளிகையை எடுத்துத் தேநீரில் இட்டார்.