கடனும் உழைப்பும்: மிசிசிப்பி கப்பல் தளம் தரும் பாடம்

(திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சென்ற வகுப்பில் கூலி பற்றியும் உபரி மதிப்பு பற்றியும் பேசினோம். முடிவில், சாலைக் கடைத்தெருவில் சுமைப்பணி செய்யும் தோழர் ஒருவர் ஒரு கேள்வியை எழுப்பினார். "கடன் வாங்கிக் கொத்தடிமையாவது செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் நடப்பது. அது நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம். முதலாளித்துவம் முற்றிய அமெரிக்காவில் அதற்கு என்ன வேலை இருக்கிறது?" என்று கேட்டார். நேரம் ஆகிவிட்டதால் அன்று விடை சொல்லவில்லை. இன்றைய உரை அந்தக் கேள்விக்கான விடையே. விடைக்காக நான் தொலைவில் தேட வேண்டியிருக்கவில்லை. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்ற நம் தொழிலாளர்களே அதற்குச் சாட்சிகளாக இருக்கிறார்கள்.

ஐந்நூறு பேர் கடல் கடந்த கதை

2005 ஆகஸ்ட் இறுதியில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைச் சூறையாடியது. எண்ணெய்த் துரப்பண மேடைகளைக் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் அக்கரையின் பெருந்தொழில். புயலுக்குப் பின் வேலை குவிந்தது, தொழிலாளர்களோ சிதறிப்போயிருந்தார்கள். மிசிசிப்பி மாநிலத்தின் பாஸ்ககூலாவிலும் டெக்சாஸ் மாநிலத்தின் ஆரஞ்சிலும் தளங்கள் வைத்திருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்னும் நிறுவனம், இந்தியாவிலிருந்து வெல்டர்களையும் குழாய் பொருத்துநர்களையும் வரவழைக்க முடிவு செய்தது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் 2006 இறுதியிலிருந்து சென்று சேர்ந்தார்கள்.

ஆளெடுப்பாளர்கள் அவர்களுக்கு அளித்த வாக்குறுதி நிரந்தர வசிப்புரிமை அட்டை. குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்காக ஒவ்வொருவரும் கொடுத்த தொகை 10,000 டாலர் முதல் 20,000 டாலர் வரை. அன்றைய மதிப்பில் நாலரை லட்சம் முதல் ஒன்பது லட்சம் ரூபாய். நிலத்தை விற்றார்கள், நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். கையில் கிடைத்ததோ 'எச்-2பி' என்னும் தற்காலிக விசா. பத்து மாதக் காலம். அழைத்த நிறுவனம் ஒன்றிடம் மட்டுமே வேலை செய்யலாம்.

அங்கே தொழிலாளர் முகாம் ஒன்றை நிறுவனம் அமைத்திருந்தது. ஒரு கூண்டு வீட்டில் 24 பேர் வரை படுத்தார்கள். வாசலில் காவல். தங்குவதற்கும் உண்பதற்கும் நாள் ஒன்றுக்கு 35 டாலர், அதாவது மாதம் 1,050 டாலர் கூலியிலிருந்து பிடிக்கப்பட்டது. வேறு நாட்டுத் தொழிலாளர் எவரும் அம்முகாமில் தங்கக் கட்டாயப்படுத்தப்படவில்லை.

கடன் செய்யும் வேலை

இங்கே சற்று நின்று கணக்குப் பார்ப்போம். ஒரு தொழிலாளி ஐந்து லட்சம் ரூபாயை நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மாத வட்டி 15,000 ரூபாய். பத்து மாதத்தில் வட்டி மட்டும் ஒன்றரை லட்சம். முதல் அப்படியே நிற்கும். அதே பத்து மாதத்தில் முகாமுக்குப் பிடிக்கப்படுவது 10,500 டாலர். விசா முடியும் நாளில் அவர் ஊருக்குத் திரும்பினால் கடனோடுதான் திரும்ப வேண்டும். ஆகவே திரும்ப முடியாது. வேறு இடத்தில் வேலை தேட விசா விடாது. முகாமைப் பற்றிக் குறை சொன்னால் விமானம் ஏற்றிவிடுவார்கள். மூன்று பக்கமும் சுவர். திறந்திருக்கும் ஒரே வழி, வாயை மூடிக்கொண்டு வேலை செய்வது.

முதலாளித்துவத்தின் தொழிலாளி இரண்டு பொருளில் சுதந்திரமானவர் என்று மார்க்ஸ் விளக்கினார். தன் உழைப்புச் சக்தியை விரும்பியவருக்கு விற்கும் சுதந்திரம் ஒன்று. விற்பதற்கு அதைத் தவிர வேறெதுவும் இல்லாத 'சுதந்திரம்' மற்றொன்று. பாஸ்ககூலாவில் நடந்தது என்ன? முதலாவது சுதந்திரம் விசாவாலும் கடனாலும் பறிக்கப்பட்டது. இரண்டாவது மட்டும் மிஞ்சியது. ஒரு தொழிலாளியின் உழைப்பிலிருந்து ஊரில் வட்டிக்காரரும், மும்பையில் ஆளெடுப்பாளரும், அமெரிக்காவில் குடியேற்ற வழக்கறிஞரும், கடைசியாக நிறுவனமும் பங்கு எடுத்தார்கள். ஆளைத் தேடிக் கொண்டுவருவது முதலாளியின் செலவாக இருக்க வேண்டியது. அதைத் தொழிலாளியின் குடும்பமே கடன் வாங்கிச் செலுத்தியது. சந்தைக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்ததால் நிறுவனம் 80 லட்சம் டாலருக்கு மேல் மிச்சப்படுத்தியது என்று, தொழிலாளர் தரப்பில் கணக்கேடுகளை ஆராய்ந்த பொருளியலாளர் மதிப்பிட்டார். அந்தக் குறைந்த கூலி உள்ளூர் அமெரிக்கத் தொழிலாளியின் கூலியையும் கீழே இழுக்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

பழைய துண்டு, புதிய விசா

இது நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கங்காணியின் முன்பணத்தைப் பெற்றுக்கொண்டுதான் கப்பலேறினார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைச் செலுத்தித் தொழிலாளியைப் பெற்றுக்கொள்ளும். கடன் கைமாறினால் ஆளும் கைமாறுவார். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

அமெரிக்காவுக்கும் இது புதிதன்று. 1865இல் 13ஆவது சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. கடனுக்காக உழைக்கக் கட்டாயப்படுத்துவதையும் 1867இல் தனிச் சட்டம் தடை செய்தது. ஆயினும் தென்மாநிலங்களில் விடுதலை பெற்ற கறுப்பின உழவர்கள், விதைக்கும் உணவுக்கும் நிலவுடைமையாளரின் கடையில் கடன்பட்டு, அறுவடைக் கணக்கில் ஆண்டுதோறும் பாக்கிதாரராகவே நின்றார்கள். அந்த 13ஆவது திருத்தத்தை மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது 1995இல். அது முறைப்படி பதிவானது 2013இல்! அதே மண்ணில்தான் நம் வெல்டர்கள் முகாமிடப்பட்டார்கள்.

கப்பல் தளத்தோடு இது முடியவுமில்லை. நம் ஊர்ச் செவிலியர்களுக்கு நெருங்கிய செய்தி ஒன்று: பிலிப்பைன்ஸிலிருந்து நியூயார்க்குக்கு வரவழைக்கப்பட்ட செவிலியர்கள், ஒப்பந்தக் காலத்துக்கு முன் வேலையை விட்டால் 25,000 டாலர் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையில் கட்டப்பட்டிருந்தார்கள். அந்த நிபந்தனை செல்லாது என்றும், கட்டாய உழைப்புக்கு எதிரான சட்டத்தை மீறியது என்றும் 2019இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெல்டரை வாங்கிய கடன் கட்டியது. செவிலியரை வாங்காத கடன் கட்டியது. ஆகவே தோழரின் கேள்விக்கு விடை இதுதான்: கடன் பிணைப்பு பழைய சமூகத்தின் மிச்சமாக மட்டும் இல்லை. உழைப்பை மலிவாகவும் மௌனமாகவும் வைத்திருக்க நவீன மூலதனமும் அதைக் கையாளுகிறது. கங்காணிக்குப் பதில் முகவர். துண்டுக்குப் பதில் விசா.

போராட்டமும் தீர்ப்பும்

பாஸ்ககூலா தொழிலாளர்கள் அழுதுகொண்டு இருந்துவிடவில்லை. முகாமுக்குள் இரகசியமாகக் கூடிப் பேசினார்கள். 2007 மார்ச் 9 அன்று விடியுமுன் காவலர்கள் புகுந்து, முன்னின்று பேசியவர்களைப் பிடித்துவைத்து ஊருக்கு அனுப்ப முயன்றார்கள். கடனோடு திரும்பும் நிலையை எண்ணித் தொழிலாளி ஒருவர் தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தார். அச்சம் பரவ வேண்டும் என்பது நிறுவனத்தின் எண்ணம், பரவியதோ சினம். நியூ ஆர்லியன்ஸிலிருந்த தொழிலாளர் அமைப்பு ஒன்று அவர்களுக்குத் துணை நின்றது. 2008 மார்ச்சில் நூறு பேர் அளவில் வெளியேறி, தலைக்கவசங்களை நிறுவன வாசலில் எறிந்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டன் நோக்கிப் பயணம் சென்றார்கள். அதைச் சத்தியாகிரகம் என்றே அழைத்தார்கள். அவ்வாண்டு மே மாதம் தலைநகரில் உண்ணாநிலைப் போராட்டம் தொடங்கி ஏறத்தாழ ஒரு மாதம் நடத்தினார்கள்.

வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. அனைவருக்கும் சேர்த்து ஒரே வழக்காக நடத்த நீதிமன்றம் இசையவில்லை. எனவே பல வழக்குகளாகப் பிரிந்தது. 2015 பிப்ரவரியில், முதல் வழக்கின் ஐந்து தொழிலாளர்களுக்கு 1 கோடியே 41 லட்சம் டாலர் வழங்க வேண்டும் என நடுவர் குழு தீர்ப்பளித்தது. நிறுவனமும், இந்திய ஆளெடுப்பாளரும், அமெரிக்க வழக்கறிஞரும் பொறுப்பாளிகள் எனக் காணப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. எஞ்சிய வழக்குகளில் 2 கோடி டாலருக்கு உடன்பாடு செய்து, மன்னிப்பும் கேட்டது. இது பெரிய வெற்றி. ஆனால் ஊரில் வட்டி ஏழு ஆண்டுகள் காத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

நம் சட்டமும் நம் கடமையும்

நம் நாட்டில் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு பெருங்கருத்தை நிலைநாட்டியது: சாட்டையும் சங்கிலியும் மட்டும் கட்டாயம் அல்ல, வறுமை தரும் நெருக்கடியால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பதும் அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே.

வெளிநாட்டு வேலைக்கோ 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உள்ளது. பதிவு பெற்ற முகவர் மட்டுமே ஆளெடுக்கலாம்; வாங்கத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். ஆயினும் பயணத்துக்கு முன் அரசின் அனுமதி பொதுவாகத் தேவைப்படுவது, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும், பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கே. அமெரிக்கா அப்பட்டியலில் இல்லை. ஆளெடுப்புக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்பதை நெறியாகக் கொண்ட, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆவது உடன்படிக்கை 1997இல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. ஆளெடுப்புச் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கையாக வேண்டும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் தெருவைச் சேர்ந்த ஒரு பெண், கணவரின் வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தை என்னிடம் கொண்டுவந்து, "அண்ணா, இதைத் தமிழில் சொல்லுங்கள்" என்றார். வரி வரியாகப் பிழையின்றிச் சொன்னேன். சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் அதில் இருந்தன. முகவருக்குக் கொடுத்த பணம் மட்டும் இல்லை. காகிதத்தில் இல்லாததை நானும் கேட்கவில்லை. இரண்டாண்டு கழித்து அவர் கணவர் வெறுங்கையோடு திரும்பினார். வீட்டுப் பத்திரம் வட்டிக் கடையில் இருந்தது. மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. தோழன் என்ற முறையில் பிழை செய்தேன்.

ஆகவே நம் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு செல்லும் எவரையும் அறிந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு பணம் கொடுத்தாய்? யாரிடம் கடன் வாங்கினாய்? ரசீது இருக்கிறதா? முகவரின் பதிவைச் சரிபார்க்கவும் முறையிடவும் நார்க்கா அலுவலகமும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இந்த நகரிலேயே உள்ளன. உடன் சென்று நில்லுங்கள்.

இன்னொன்று, தோழர்களே. பாஸ்ககூலா முகாமை நினைத்து நெஞ்சு கொதிக்கும் நாம், இங்கே கட்டடங்களின் பின்புறம் தகரக் கொட்டகையில் தங்கும் வங்காள, ஒடிய, அசாமியத் தொழிலாளர்களின் கதவைத் தட்டியிருக்கிறோமா? மேற்கு ஒடிசாவில் முன்பணம் கொடுத்து ஆளெடுக்கும் முறைக்கு 'தாதன்' என்று பெயர். தெலங்கானாவின், தமிழ்நாட்டின் செங்கல் சூளைகளுக்கு அவ்வழியில்தான் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நம்மிடையே உள்ளவர்களிடமும் அதே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். கேரளம் அவர்களை 'அதிதி' என்கிறது. விருந்தினர் என்பது பொருள். சங்கத்தில் சேர்த்தால்தான் அவர்கள் தோழர்கள் ஆவார்கள்.

நம் மொழியில் 'கடன்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இன்று நாம் பட்ட பணத்தைக் குறிக்கிறோம். சங்க இலக்கியத்தில் அது கடமையைக் குறித்தது. முதல் கடனில் மூழ்கியவரைக் கைகொடுத்துத் தூக்குவது நமக்கு இரண்டாம் கடன். அதைச் செய்வோம்.