ஓட்டுவது இயந்திரம், பழி யார் தலையில்?

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில், லாரி, டிராக்டர் ஓட்டும் தோழர்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



"டிரைவர் இல்லாமலே வண்டி ஓடப்போகிறதாமே, உங்கள் கதி என்னாவது?" என்று நீங்கள் எங்களைக் கேட்கிறீர்கள். சிலர் கேலியாகக் கேட்கிறீர்கள். பலர் கவலையோடு கேட்கிறீர்கள். இரு சாராருக்கும் பதில் சொல்லவே இங்கு வந்து நிற்கிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் இயந்திரத்துக்குப் பகைவர்கள் அல்லர். மாட்டு வண்டி போய் லாரி வந்தபோது, வண்டிக்காரர் மகன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டான். கோலாலம்பூரில் கிளானா ஜெயா பாதையில் 1998 முதல் டிரைவர் இல்லாத ரயில் ஓடுகிறது. சிங்கப்பூரின் வடகிழக்குப் பாதையிலும் 2003 முதல் அப்படியே. நாமும் அதில் ஏறிப் போகிறோம். ஆனால் அது தனக்கென்றே போட்ட தண்டவாளம். அங்கே மாடு குறுக்கே வராது. சைக்கிளில் பிள்ளை வராது. மழையில் பாதை கரைந்து போகாது. நம் மண் சடக்கு அப்படியா?

இருந்தாலும், "வராது, வராது" என்று கண்ணை மூடிக்கொள்வது மடமை. அமெரிக்காவில் பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் ஆளில்லாத வாடகைக் கார் ஓடுகிறது. அங்குள்ள மோட்டார் சங்கமான ஏ.ஏ.ஏ. 2025-இல் வண்டி ஓட்டுகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்டது. 10 பேரில் 6 பேர் அத்தகைய வண்டியில் ஏறவே அஞ்சுவதாகச் சொன்னார்கள். நம்பி ஏறுவோம் என்றவர்கள் 100-க்கு 13 பேர்தாம். இது மூடநம்பிக்கை அல்ல, தோழர்களே. காரணத்தைக் கேளுங்கள்.

2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு, அரிசோனா மாநிலத்தின் டெம்ப்பி நகரம். ஊபர் கம்பெனியின் தானோடிக் கார் சோதனை ஓட்டத்தில் இருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதியது. அவர் உயிர் போயிற்று. மோதுவதற்கு 5.6 வினாடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டிருந்தது. ஆனால் அது காரா, சைக்கிளா, வேறு பொருளா என்று மாற்றி மாற்றி எண்ணிக்கொண்டிருந்தது. காரைச் செய்தவர்கள் வைத்திருந்த அவசர பிரேக்கோ, கணினி ஓட்டும்போது வேலை செய்யாதபடி நிறுத்தப்பட்டிருந்தது. முன்பு இரண்டு பேர் உட்கார்ந்து கண்காணித்த வண்டியில், 2017-இன் பிற்பகுதியிலிருந்து ஒரே ஆளை உட்கார வைத்திருந்தார்கள்.

அந்த ஆள் அப்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று விசாரணையில் தெரிந்தது. அது தவறுதான், நாங்கள் மூடி மறைக்கவில்லை. ஆனால் பின்னால் நடந்ததைப் பாருங்கள். கம்பெனி மீது குற்ற வழக்குக்கு ஆதாரம் இல்லை என்று 2019-இல் அரசுத் தரப்பு கூறிவிட்டது. 2020-இல் குற்றம் சாட்டப்பட்டவர், ஆசனத்தில் இருந்த தொழிலாளி! 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார்.

எங்கள் அச்சம் இதுதான். வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். பழியை நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்காமல், மணிக்கணக்கில் "சும்மா பார்த்துக்கொண்டிரு, ஆபத்து வந்தால் ஒரு நொடியில் பிடி" என்றால் எந்த மனிதனால் முடியும்? முழுக்க நீ ஓட்டு, இல்லையேல் முழுக்க அது ஓட்டட்டும். பாதி வேலையும் முழுப் பழியும் நியாயமாகாது.

கலிபோர்னியாவில் லாரித் தோழர்கள் சும்மா இருக்கவில்லை. 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட தானோடி வண்டியில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்னும் மசோதாவுக்காக டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கம் போராடியது. சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. 2023 செப்டம்பரில் கவர்னர் கேவின் நியூசம் அதை நிராகரித்தார். தோற்றார்கள், ஆனால் கேட்டார்கள். கேட்காதவனுக்கு யார் கொடுப்பார்?

அடுத்து மின்சார வண்டி. இதை நாங்கள் வரவேற்கிறோம். டீசல் புகை இல்லை, எஞ்சின் எண்ணெய் மாற்ற வேண்டியதில்லை, ஓட்டவும் எளிது. ஆனால் எங்களுக்கு வேண்டியது ஆடம்பரம் இல்லாத வண்டி. சீனாவில் 2020-இல் வூலிங் என்னும் குட்டி மின்சாரக் கார் 28,800 யுவானுக்கு வந்தது. ஒருமுறை மின்சாரம் ஏற்றினால் சுமார் 120 கிலோமீட்டர் ஓடும். ஏழை எளியவர் கடைக்கும் வேலைக்கும் போய்வர அது போதாதா? நம் நாட்டில் 2025 அக்டோபரில் புரோட்டோன் வெளியிட்ட சிறிய மின்சாரக் காருக்கு ஏறக்குறைய 60,000 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 வெள்ளி. சோறு தண்ணீர் இல்லாமல் சேர்த்தாலும் 35 மாதச் சம்பளம்! விலையை ஏற்றும் பெரிய திரைகள் எங்களுக்கு வேண்டாம். மழை கொட்டும்போது வைப்பரைத் தேடித் திரையைத் தடவிக்கொண்டிருந்தால் வண்டி வாய்க்காலில் கிடக்கும். கைக்கு எட்டுகிற பொத்தான், பட்டணத்து ஒர்க்ஷாப்பில் பழுது பார்க்கக்கூடிய இயந்திரம், லயத்து வாசலில் இரவில் மின்சாரம் ஏற்ற வசதி, இவை போதும்.

பால்வெட்டும் தோழர்களே, இதில் உங்களுக்கும் பங்குண்டு. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி டயருக்கே போகிறது. பேட்டரியின் கனத்தால் மின்சாரக் காரின் டயர் சீக்கிரம் தேய்கிறது. பெட்ரோல் போனாலும் டயர் போகாது. டிரைவர் போனாலும் டயர் போகாது. உலகம் எந்த வண்டியில் ஏறினாலும், விடியுமுன் மரத்தடியில் நிற்கும் உங்கள் உழைப்பின்மீதே உருள வேண்டும். அந்த உழைப்புக்கு உரிய விலையைக் கேட்க மறவாதீர்கள்.

ஆகவே நாங்கள் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். ஒன்று, புது இயந்திரம் வருமுன் சங்கத்தோடு நிர்வாகம் பேச வேண்டும். இரண்டு, இயந்திரம் ஓட்டும்போது நேரும் விபத்துக்கு இயந்திரத்தின் சொந்தக்காரரே முதற்பொறுப்பு ஏற்க வேண்டும். மூன்று, வேலை மாறினால், சம்பளம் குறையாமல் புது வேலையைக் கற்றுத்தர வேண்டும்.

நடுநிசியில் பிரசவ வலியில் துடிக்கும் தாயை லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோமே, அது எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவன் மனிதன். அந்த மனிதனை வைத்துக்கொண்டே இயந்திரத்தை வரவேற்போம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!